குப்பையைப் பிரித்துப் பார்த்தோம்: எங்கள் கலைவிழாவை மாற்றிய ஒரு வருட வேலை

போன வருடம் கலைவிழா முடிந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு, நாங்கள் ஒன்பது பேர் ஆடிட்டோரியத்தின் பின்பக்கம் கூடினோம். இரண்டு நாள் விழாவில் சேர்ந்த குப்பை முழுவதும் அங்கே சாக்கு சாக்காகக் கிடந்தது. லாரி வந்து அள்ளிக்கொண்டு போவதற்குள் அதைக் கொட்டிப் பிரித்து எடை போட்டுவிட வேண்டும் என்பது திட்டம். அடுத்த விழாவில் எதை மாற்றுவது என்று எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தில் ஒரு மாதமாக வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உண்மையில் என்ன சேருகிறது என்று யாரும் பார்த்ததில்லை.

விழாவுக்குக் கட்டியிருந்த பெரிய ஃபிளெக்ஸ் பேனரையே கழற்றித் தரையில் விரித்தோம். கையுறை, இடுக்கி, ஆய்வகத்தில் இரவல் வாங்கிய தொங்கு தராசு, ஒரு நோட்டு. அவ்வளவுதான் சாமான். ஒவ்வொரு சாக்காகக் கொட்டி, சாப்பாட்டு மிச்சம், கப்பும் தட்டும், பாட்டில், அலங்காரப் பொருள், மற்றவை என்று ஐந்து குவியலாகப் பிரித்தோம். முதல் ஒரு மணி நேரம் எடையை மட்டும்தான் குறித்தோம். அப்புறம்தான் தெர்மாகோல் குவியலைப் பார்த்து நிறுத்தினோம். ஏழு சாக்கு நிறைய இருந்தது, எடை நாலு கிலோகூட வரவில்லை. எடையை மட்டும் எழுதினால் அது ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். அதனால் எடை, சாக்கு எண்ணிக்கை இரண்டையும் எழுத ஆரம்பித்தோம். இதைச் செய்யப் போகிறவர்கள் முதல் சாக்கிலிருந்தே இரண்டையும் எழுதிவிடுங்கள்.

மொத்தம் 312 கிலோ. அதில் 140 கிலோ சாப்பாட்டு மிச்சம். எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இடத்தை அடைத்தது பேப்பர் கப்பும் தெர்மாகோலும்.

நாங்கள் பிரிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணி அக்கா ஒருவர், கிட்டே வந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார். "தம்பி, இது எல்லாம் நல்ல பேப்பர்தான். டீ ஊத்தி நனைஞ்சு போச்சு. இனிமே இதை யாரு எடுப்பா? பாதி குடிச்சிட்டு கப்பை அப்படியே தொட்டியில போட்டுடறாங்க. மிச்சத்தை ஊத்த பக்கத்துல ஒரு வாளி வச்சிருந்தாலே பாதி குப்பை தப்பிச்சிருக்கும்." ஒரு மாத வாக்குவாதத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் அது. அவர் வருடக்கணக்காகத் தினமும் பார்ப்பது. திட்டம் போடுவதற்கு முன்பே அவரிடம் பேசியிருக்க வேண்டும். இந்த வருடம் முதல் கூட்டத்துக்கே அவரையும் அவருடன் வேலை செய்பவர்களையும் வேலை நேரத்திலேயே அழைத்து உட்கார வைத்தோம்.

பேப்பர் கப்பைப் பற்றி ஒரு சின்னச் சோதனை. "அது பேப்பர்தானே, மட்கிவிடுமே" என்று சொன்னவர்களுக்காகச் செய்தது. ஒரு கப்பை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் காகிதம் கூழாகிவிடும். விரலால் மெல்ல உரித்தால் உள்பக்கத்திலிருந்து மெல்லிய படலம் ஒன்று, பாலாடையை எடுப்பது போல, கப்பின் வடிவத்திலேயே முழுசாகக் கழன்று வரும். அது பாலித்தீன். கப்பின் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் இருக்கும், ஆனால் கப்பில் டீ நிற்பதே அதனால்தான். காகிதத்தோடு அது ஒட்டியிருப்பதால் சாதாரண காகிதக் கூழ் ஆலையில் இதை எடுத்துக்கொள்வது கஷ்டம். உரக்குவியலில் போட்டாலும் படலம் துண்டு துண்டாக மண்ணில் தங்கிவிடும். உரித்த படலத்தை ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி விழாக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு போனோம். கையில் வாங்கிப் பார்த்த பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எவர்சில்வர் டம்ளர் என்று முடிவாயிற்று.

டம்ளர் கழுவும் இடம்

டம்ளர் வாங்குவதைவிட அதைக் கழுவித் திருப்பித் தருவதுதான் வேலை. இடைவேளையில் இருபது நிமிடத்துக்குள் அறுநூறு பேர் வரை டீக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டு 500 டம்ளர் ஏற்பாடு செய்தோம். கழுவிய டம்ளர் பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிட்டால் போதும்.

முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினோம். அதற்குள் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிட்டது. ஒரு 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்துப் பார்த்தால் எழுபத்தைந்து விநாடியில் நிரம்புகிறது. அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர். ஒரு டம்ளருக்குப் பதினைந்து விநாடி என்றால் 2 லிட்டர் போய்விடும். உடனே குழாயை மூடிவிட்டுத் தொட்டி முறைக்கு மாறினோம். மூன்று பெரிய பிளாஸ்டிக் டப், ஒவ்வொன்றிலும் 40 லிட்டர். முதலாவதில் சோப்புத் தண்ணீர், கை பொறுக்கும் சூட்டில். இரண்டாவதில் நல்ல தண்ணீர். மூன்றாவதில் கிருமி நீக்க பிளீச்சிங் திரவம் கலந்த தண்ணீர். 150 டம்ளருக்கு ஒரு முறை மூன்றையும் மாற்றினோம். ஒரு டம்ளருக்கு 0.8 லிட்டர். பாதிக்கும் குறைவு.

மூன்றாவது டப்பின் கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆளுக்கு ஒரு அளவு ஊற்றுவார்கள். 5 சதவீதக் குளோரின் உள்ள திரவம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. அது லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆகிறது. 40 லிட்டர் டப்புக்கு 80 மில்லி. டம்ளர் ஒரு நிமிடமாவது அதில் மூழ்கியிருக்க வேண்டும். சோப்பு சரியாகப் போகாமல் இதில் போட்டால் பயன் இல்லை, இரண்டாவது டப்பில் அவசரப்படக் கூடாது. வெந்நீரில் கலக்கக் கூடாது, வேறெந்தச் சுத்தம் செய்யும் திரவத்தோடும் சேர்க்கவே கூடாது. எடுத்த பிறகு துணியால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்துக் காற்றிலேயே உலர விடுங்கள். துடைக்கும் துணி இருபது டம்ளருக்குப் பிறகு அழுக்காகிவிடும், அந்த அழுக்கு மறுபடி டம்ளருக்கே போகும். இந்த டப்பின் தண்ணீரைச் செடிக்கு ஊற்றவில்லை, சாக்கடைக் குழாயில்தான் விட்டோம்.

கழுவுவது ஓடிவிட்டது. நாங்கள் எதிர்பார்க்காதது, டம்ளர் திரும்பி வராதது. டீ வாங்கியவர்கள் நண்பர்களோடு பேசிக்கொண்டே படிக்கட்டு, மரத்தடி, ஆடிட்டோரியம் என்று போய்விடுகிறார்கள். குடித்ததும் உட்கார்ந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். முதல் நாள் மாலை எண்ணினால் 431. டார்ச் வைத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு அடியில் தேடி 57 எடுத்தோம். மொத்தம் 488.

டோக்கன் கொடுக்கலாமா, அடையாள அட்டையை வாங்கி வைக்கலாமா என்று இரவு யோசித்தோம். இரண்டுமே வரிசையை நீளமாக்கும். கடைசியில் செய்தது ஒரு கயிறு கட்டியதுதான். டீ கொடுக்கும் மேசையைச் சுற்றிப் பெரிய சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி விட்டோம். போகும் வழியில் இடுப்பு உயரத்தில் டம்ளர் தட்டு, அதன் பக்கத்தில் மிச்சத்தை ஊற்றச் சல்லடை வைத்த வாளி. உள்ளேயே நின்று குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் போக வேண்டும். யாரும் முகம் சுளிக்கவில்லை. நின்று பேசுவதற்கு ஓர் இடம் கிடைத்தது என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் நாள் முழுவதிலும் ஒரே ஒரு டம்ளர்தான் குறைந்தது.

குப்பைத்தொட்டியிலும் கிட்டத்தட்ட இதே பாடம். பச்சை, நீலம் என்று நிறம் வைத்தால் மக்கள் தானே பிரிப்பார்கள் என்று போன வருடம் நம்பினோம். இந்த வருடம் தொட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் மூன்று மூன்றாகச் சேர்த்தே வைத்தோம். ஒன்று மட்டும் தனியாக இருந்தால் எல்லாம் அதில்தான் விழும். எழுத்துப் பலகைக்குப் பதிலாக, விழாவில் உண்மையில் கொடுத்த கரண்டி, தட்டு, பழத்தோல், பாட்டில் மூடி ஆகியவற்றையே அட்டையில் ஒட்டித் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டோம். பாட்டில் தொட்டியின் மூடியில் பாட்டில் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டை மட்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் நின்றார். இரண்டு மணி நேரம் நிறுத்தினால் கவனம் சிதறி, மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருவராக மாற்றிய பிறகு தொட்டிக்குள் கலப்பு நன்றாகக் குறைந்தது.

பேனர், மேடை, விளக்கு

ஃபிளெக்ஸ் என்பது பாலியஸ்டர் வலையின் மேல் பி.வி.சி. பூசியது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சின் போன்ற நச்சுகளும் உண்டாகும். முன்பெல்லாம் விழா முடிந்ததும் மைதான ஓரத்தில் பேனரைக் கொளுத்திவிடுவார்கள். இனி ஒருவரும் அதைச் செய்ய விடமாட்டோம். பழைய பேனர்கள் இப்போது சருகு மூட்டைகளை மூடும் தார்ப்பாயாக இருக்கின்றன.

புதிதாகக் காடாத் துணியில் எழுதினோம். எழுதும்போது எடுத்த ஒரு முடிவுதான் முக்கியம்: வருடத்தையும் தேதியையும் பேனரில் எழுதவில்லை. விழாவின் பெயர் மட்டும் துணியில், தேதியும் விருந்தினர் பெயரும் தனித் துணித்துண்டுகளில் எழுதிக் கொக்கியில் மாட்டினோம். அடுத்த வருடம் துண்டை மட்டும் மாற்றினால் போதும். போஸ்டர் கலர் ஈரம் பட்டால் கரைந்து ஓடும் என்பதால் அக்ரிலிக் வண்ணம்தான் பயன்படுத்தினோம். அதுவும் பிளாஸ்டிக் குடும்பம்தான், ஆனாலும் நாலைந்து வருடம் ஓடும் துணி என்பதால் ஒப்புக்கொண்டோம். மேலேயும் கீழேயும் மூங்கில் கொடுத்துக் கட்டுங்கள். முதலில் மேலே மட்டும் கட்டினோம், காற்றில் சுருண்டு எழுத்தே தெரியவில்லை.

மேடைக்குத் தெர்மாகோல் கிடையாது, மினுமினுப்புத் தூளும் கிடையாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. போன வருடம் மேடையில் வெட்டிய தெர்மாகோல், புல்தரையில் உதிர்ந்திருந்தது. இரண்டு பேர் முட்டி போட்டு உட்கார்ந்து வெள்ளை மணிகளைப் பொறுக்கினோம். தொட்டால் விரலில் ஒட்டும், உதறினால் பக்கத்துப் புல்லில் விழும். ஒரு மணி நேரத்தில் ஒரு கைப்பிடி. இப்போதும் மழை பெய்தால் வடிகால் ஓரத்தில் அந்த மணிகள் வரிசையாக மிதக்கின்றன. மினுமினுப்புத் தூள் பெரும்பாலும் அலுமினியம் பூசிய பாலியஸ்டர் படலத்தை வெட்டியதுதான், அதைப் பொறுக்கவே முடியாது. இந்த வருட மேடை முழுக்க, ஆய்வகத்துக்குக் கருவிகள் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி அடுக்கிச் செய்தது. நுண்கலை மன்றத்து நண்பர்கள் ஐந்து இரவு உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து மஞ்சள் வெளிச்சம் விழுந்தபோது அட்டையின் நெளிவரிகள் அவ்வளவு அழகாகத் தெரிந்தன.

விளக்கில் அதிகம் கஷ்டப்படவில்லை. பழைய ஹாலஜன் மேடை விளக்கு ஒன்று 1,000 வாட் இழுக்கும். அதே இடத்தில் வைத்த எல்.ஈ.டி. விளக்குகள் 150 வாட் அளவில்தான். சுமை இப்படி இறங்கியதால் வழக்கமாகக் காலையிலிருந்து இரவு வரை ஓடும் ஜெனரேட்டரை, மின்சாரம் போனால் மட்டும் போடுவதற்கென்று ஒதுக்கி வைத்தோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு நாள் முழுக்க ஓடாமல் நிற்பதே பெரிய லாபம். போக்குவரத்தில்தான் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்வையாளர்கள் வந்துபோவதே பெரும்பாலும் ஒரு விழாவின் கார்பன் கணக்கில் பெரிய பங்கு என்று தெரிந்தும், கடைசிப் பேருந்து போவதற்கு முன்பே நிகழ்ச்சியை முடித்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

மூன்று உரக்குவியல்

சாப்பாட்டு மிச்சத்தைக் காற்றுப் புகாமல் குப்பைமேட்டில் புதைத்தால் மீத்தேன் உண்டாகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அதனால் இந்த 140 கிலோவை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கிவிட வேண்டும் என்று போன வருடமே இறங்கினோம். முதல் இரண்டு முறை தோற்றுப் போனோம்.

முதல் குவியல் குவியலே அல்ல, குழி. விழாவில் மிஞ்சிய 140 கிலோவையும் ஒரே நாளில் கொட்டி, மேலே இரண்டு கூடைச் சருகைத் தூவினோம். நாலாம் நாள் அழுகிய முட்டை நாற்றமும், கண்ணை எரிக்கும் அமோனியா நெடியும் வகுப்பறை வரை வந்தன. பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஆறாம் நாள் எல்லாவற்றையும் தோண்டி அனுப்பிவிட்டோம். சாப்பாட்டு மிச்சத்தில் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம். உலர்ந்த இலையில் கார்பன் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். நாங்கள் கொட்டியதில் சருகு இல்லை, காற்றும் இல்லை.

இரண்டாவது குவியல் சிறியது. விடுதிச் சமையலறைக் காய்கறித் தோலை வைத்துச் சோதனைக்குப் போட்டது. இந்த முறை சருகு நிறையப் போட்டோம், ஆனால் முழு இலையாகப் போட்டோம். பத்து நாளில் திறந்து பார்த்தால் இலைகள் நனைந்த புத்தகத்தின் பக்கங்கள் போல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நடுவே காற்றே போகவில்லை. பிரித்து மறுபடி போடலாம் என்று நினைத்தபோது தேர்வு வந்துவிட்டது. மூன்று வாரம் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பிப் போனபோது குவியல் காய்ந்து, சில்லென்று, போட்டது போட்டபடியே இருந்தது.

இந்த இரண்டாவது தோல்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இலையை நொறுக்குவது எளிது. தேர்வு ஒவ்வொரு பருவத்திலும் வரும், அதை என்ன செய்வது? கல்லூரியில் நடக்கும் எந்த நல்ல வேலையும் தேர்வு நேரத்திலும் விடுமுறையிலும்தான் சாகிறது. 1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் முதல் புவி நாள் கொண்டாடப்பட்டபோது, செனட்டர் கேலார்ட் நெல்சனின் யோசனைக்கு உருவம் கொடுத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் 25 வயது டெனிஸ் ஹேய்ஸ். அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், வசந்த விடுமுறைக்கும் இறுதித் தேர்வுக்கும் இடையில் வருகிறது, மாணவர்கள் வளாகத்தில் இருப்பார்கள் என்பதுதான். கோடிக்கணக்கானோர் கலந்துகொண்ட நாள் அப்படித்தான் குறிக்கப்பட்டது. சரி, நாமும் காலண்டரை முன்னால் வைத்துக்கொண்டு குவியலைத் திட்டமிடுவோம் என்று தோன்றியது.

சூடான குவியலை இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறினால் மூன்று வாரத்துக்குள் உரமாக்கிவிடலாம் என்ற முறை ஒன்று இருக்கிறது. எங்களால் அது முடியாது. தேடியபோது கிடைத்தது இந்தூர் முறை. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆல்பர்ட் ஹோவர்டு என்ற தாவரவியலாளர், விவசாயிகளிடம் கண்டதையும் தன் சோதனைகளையும் சேர்த்து உருவாக்கியது. அதில் மூன்றே முறைதான் கிளற வேண்டும்: 15ஆம் நாள், 30ஆம் நாள், 60ஆம் நாள். மூன்று மாதத்தில் உரம். எங்கள் விழா முடிந்து மூன்று வாரத்தில் தேர்வு. முதல் கிளறல் தேர்வுக்கு முன்னால், இரண்டாவது தேர்வுகளுக்கு நடுவில் ஒரு விடுமுறை நாளில், மூன்றாவது பருவ விடுமுறையில் ஊருக்குப் போகாதவர்களும் தோட்டக்கார அண்ணனும் சேர்ந்து. கச்சிதமாகப் பொருந்தியது.

மூன்றாவது குவியலுக்கான வேலையை விழாவுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கினோம். வளாகத்தில் பெருக்கிய சருகை எரிக்காமல் சாக்கில் கட்டி வைத்தோம். 25 சாக்கு. சாக்கை விட்டு வெளியே எடுக்காமல் அதன் மேலேயே ஏறி மிதித்தால் இலை நொறுங்கிவிடும், தூசியும் பறக்காது. 3.3 மீட்டர் நீளக் கம்பி வலையை வளைத்துக் கட்டினால் ஒரு மீட்டர் அகலத்தில் வட்டக் கூண்டு கிடைக்கும். உயரம் 1.2 மீட்டர். இதைவிடச் சிறியதாக இருந்தால் உள்ளே உண்டாகும் சூடு வெளியே போய்விடும். எலி வராமல் இருக்க அடியில் நெருக்கமான வலை. அதன் மேல் காற்றுக்காகச் சுள்ளிகள்.

விழாவில் தட்டில் முதலில் குறைவாகப் பரிமாறி, வேண்டியவர்கள் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்ததில் மிச்சம் 86 கிலோவாகக் குறைந்திருந்தது. ஒரு வாளி மிச்சத்துக்கு மூன்று வாளி நொறுக்கிய சருகு. ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு கைப்பிடி பழைய உரம். எண்ணெய்ப் பசை உள்ள மிச்சத்தை ஓரத்தில் போடாமல் நடுவிலேயே போட்டோம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழ வேண்டும். வழிந்தால் ஈரம் அதிகம், சொட்டே விழாவிட்டால் குறைவு. இந்தப் பிழிந்து பார்க்கும் வித்தை ஒன்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும். கூண்டு முக்கால் நிரம்பியது. மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சருகு போர்த்தினோம்.

மறுநாள் காலை நீளமான வெப்பமானியை நடுவில் செருகினால் 34 டிகிரி. இரண்டாம் நாள் 47. மூன்றாம் நாள் 58. அன்றைக்கு விடியற்காலையில் மேலே இருந்த சருகை ஒதுக்கியபோது வெண்மையாக ஆவி எழும்பியது. உள்ளே கையை விட்டு இரண்டு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. நாற்றம் இல்லை, மழைக்குப் பிறகு காட்டுப் பாதையில் வரும் வாசனை மாதிரி ஒன்று. போன வருடம் நாற்றம் பொறுக்காமல் எங்களைத் திட்டிய பக்கத்துக் கட்டட நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினோம். ஒருவன் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "டேய், அடுப்பு மாதிரி இருக்குடா" என்றான். அந்த ஆவியைப் பார்த்த நிமிடத்தில் போன வருட அலைச்சல் எல்லாம் எனக்கு மறந்துபோனது. ஆறாம் நாள் 61 வரை போய், பிறகு மெல்ல இறங்கியது. 70க்கு மேல் ஏறினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே செத்துவிடும், அப்போது உடனே கிளறிவிட வேண்டும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

15ஆம் நாள் கிளறும்போது பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் நிறைய நெளிந்தன. சிலர் பயந்துவிட்டார்கள். அவை கறுப்புப் படைவீரன் ஈ என்று சொல்லப்படும் ஈயின் புழுக்கள். மிச்சத்தைத் தின்று வேலையை வேகமாக்குபவை, வளர்ந்த ஈ நம் சாப்பாட்டை மொய்ப்பதில்லை. அப்படியே விட்டோம். ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும், நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் மாற்றினோம். 30ஆம் நாள் ஆறு பேர்தான் வந்தார்கள், எல்லோர் கையிலும் குறிப்பேடு. நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டுப் படிக்கப் போய்விட்டோம்.

மூன்று மாதம் முடிந்து ஒரு செ.மீ. சல்லடையில் சலித்தபோது 62 கிலோ கறுப்பு உரம் கிடைத்தது. சல்லடையின் மேலே தங்கியவையும் ஒரு கணக்குதான்: பழத்தில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்கள் நாற்பதுக்கு மேல், பூ அலங்காரத்தில் கட்டிய பிளாஸ்டிக் நூல், ஸ்டேப்ளர் பின்கள். அப்புறம் 'மட்கும்' என்று அச்சடித்த கப்புகள் பன்னிரண்டு. டம்ளர் போதாமல் போனால் என்று வாங்கி வைத்து, சோதனைக்காகக் குவியலில் போட்டது. கொஞ்சம் கோணியிருந்தன, மற்றபடி எழுத்துகூட அழியவில்லை. பி.எல்.ஏ. என்ற பொருளால் செய்தவை அவை. தாவரச் சர்க்கரையிலிருந்து வருவதுதான், ஆனால் 60 டிகிரியை ஒட்டிய சூடு வாரக்கணக்கில் நின்றால்தான் சிதையும். அது பெரிய உரத் தொழிற்கூடங்களில் நடக்கும். எங்கள் கூண்டில் அந்தச் சூடு நாலைந்து நாள்தான் நின்றது. அட்டையில் 'மட்கும்' என்று பார்த்து வாங்கும் முன், எங்கே மட்கும் என்று கேளுங்கள்.

உரம் முதிர்ந்ததா என்று பார்க்க முள்ளங்கி விதை போட்டோம். வெறும் மண்ணில் பத்து, உரம் கலந்த மண்ணில் பத்து. ஐந்தாம் நாள் ஒன்பதும் ஒன்பதும் முளைத்திருந்தன. முதிராத உரமாக இருந்தால் இரண்டாவது தொட்டியில் முளைப்பு குறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம், கைப்பேசியில் இல்லை. கைப்பேசியில் உள்ளது படிப்பு முடிந்து போகிறவரோடு போய்விடும். டம்ளர் 487, எந்த அலமாரி, சாவி யாரிடம். துணிப் பேனர் இரண்டு, கொக்கி முப்பது. பிளீச்சிங் கணக்கு முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில். கிளற வேண்டிய தேதிகள் அடுத்த வருடத் தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. இந்த வருடம் செய்ய முடியாதது ஒரு பக்கம்: விருந்தினர்களுக்குக் கொடுத்த தண்ணீர் பாட்டில், போக்குவரத்து, பழ ஸ்டிக்கரைச் சமையலறையிலேயே உரிப்பது. அந்தப் பக்கத்தில் துப்புரவுப் பணி அக்கா சொல்லி எழுதியது ஒன்றும் உண்டு: மிச்சம் ஊற்றும் வாளிக்குப் பிடி உடைந்துவிட்டது, இரும்பு வாளி வாங்க வேண்டும்.

நாங்கள் இறுதி ஆண்டு. நோட்டு போன வாரம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் கைக்குப் போய்விட்டது. அவர் எழுதியிருக்கும் முதல் வரி: "சருகு சேர்க்கத் தொடங்கியாயிற்று. இன்றுவரை 11 சாக்கு."